மைத்துளியை எழுத வைத்த மேதை கெல்வின் பிரபு



கெல்வின் என்ற பேரைக் கேட்டா நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். செல்சியஸோடு 273-ஐக் கூட்டணும். பரீட்சைக்கு அது போதும். முதலாம் ஆண்டில் நானும் அவ்வளவோடுதான் நின்றிருந்தேன். அந்த 273-க்குப் பின்னால் ஒரு மனுஷர் இருந்தார், அவரும் மை அடைத்துக்கொள்ளும் மெல்லிய குழாயோடு மல்லுக்கட்டியவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பிரிண்டர் ஹெட் பிழைத்திருக்கும். எங்கள் வீட்டிலும் கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கும்.

நான் கெடுத்த ஹெட்

தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ், டி.டி.பி. கடையில் விடுமுறை நாட்களில் கூடமாட வேலை செய்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அடையாற்றுத் தண்ணீர் வரதராஜபுரம், முடிச்சூர் பக்கமெல்லாம் புகுந்தது. கரண்ட் போனபோது கடையில் இங்க் டேங்க் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. நாங்களும் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவிட்டோம். திரும்பக் கடை திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திறந்த அன்றைக்குக் கறுப்பு மை சுத்தமாக வரவில்லை. பிராஜக்ட் ரிப்போர்ட் எடுக்க சீனியர் அண்ணன்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் என்ன செய்தேன்? ஹெட் கிளீனிங் பட்டனை ஒன்பது முறை அழுத்தினேன். வரவில்லை. உடனே ஒரு சிரிஞ்சில் போர் தண்ணீரை ஏற்றி, ஹெட்டின் வாயில் மாட்டி, என் பலம் முழுவதையும் காட்டி அழுத்தினேன். உள்ளே இருந்த மெல்லிய சுவர் உடைந்து நாலு கலரும் ஒன்றாகக் கலந்தது. மை பட்டையான ஒயரில் வழிந்து ஷார்ட் ஆனது. ஹெட் போச்சு!

புது ஹெட்டின் விலை பிரிண்டர் விலையில் பாதிக்கும் மேல். கடைக்காரர் திட்டவில்லை, ஆனால் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அது என் செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்த காசு. அப்பா சென்டரிங் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாங்க. அதற்குப் பிறகுதான் இந்த மைக்குழாய்க்கு ஆதி எது என்று தேடி நம் கல்லூரி நூலகத்தில் உட்கார ஆரம்பித்தேன். தேடிய வழியில் வந்து நின்றவர்தான் வில்லியம் தாம்சன் என்கிற கெல்வின் பிரபு.

விவசாயி வீட்டுப் பேரன்

வில்லியம் தாம்சன் 1824 ஜூன் 26-ந் தேதி அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். இவருடைய தாத்தா ஒரு சிறு விவசாயி. அப்பா ஜேம்ஸ் தாம்சன்தான் அந்தக் குடும்பத்தில் படிப்பைப் பிடித்து மேலே ஏறியவர். சிறுவனாக இருந்தபோதே சூரியக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தானாகவே புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, குளிர்காலத்தில் மட்டும் கடல் தாண்டி கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார். பிறகு 1832-ல் அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். நம்மில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் இந்த அப்பாவின் கதையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஏணியில் முதல் படிதான் கஷ்டம்.

வில்லியத்துக்கு ஆறு வயசு இருக்கும்போதே, 1830-ல், தாய் இறந்துபோனார். அப்பாவே பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆனார். பத்து வயதில், 1834-ல், வில்லியம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் அங்கே சிறுவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்றாலும், பத்து வயது என்பது அங்கேயும் அதிசயம்தான்.

பதினாறாவது வயதில் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே எழுதிய வெப்பம் பற்றிய கணித நூல் கையில் கிடைத்தது. இரண்டே வாரத்தில் படித்து முடித்தார். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால், அந்தச் சூடு மறுமுனைக்கு எவ்வளவு நேரத்தில், எப்படிப் போகும் என்பதுதான் அந்த நூலின் விஷயம். ஃபூரியேவைத் தவறு என்று சொன்ன ஒரு பெரிய பேராசிரியருக்கு மறுப்பு எழுதி, 1841-ல் புனைபெயரில் வெளியிட்டார். அது அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை.

அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் போனார். படிப்போடு நிற்கவில்லை. ஆற்றில் படகு ஓட்டினார், பந்தயத்தில் ஜெயித்தார், இசைக் குழுவில் சேர்ந்து வாசித்தார். 1845-ல் கணிதத் தேர்வில் முதலிடம் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அடுத்து வந்த ஸ்மித் பரிசுத் தேர்வில் முதலிடம் பிடித்தார். பிறகு பாரீஸ் போய் ரெக்னோ என்ற விஞ்ஞானியின் சோதனைச்சாலையில் கையால் வேலை பழகினார். 1846-ல், 22 வயதில், கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர். அந்த நாற்காலியில் 53 ஆண்டுகள், 1899 வரை, உட்கார்ந்திருந்தார்.

நாம் கூட்டுகிற 273 இந்தச் சமயத்தில் வந்ததுதான். 1848-ல் எந்தப் பொருளையும் சாராத தனி வெப்பநிலை அளவுமுறையை அவர் முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 24.

ஒயின் கிடங்கில் ஒரு லேப்

அந்த நாளில் பேராசிரியர் மேடையில் சோதனை செய்து காட்டுவார், மாணவன் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பான். தாம்சனுக்கு இது பிடிக்கவில்லை. கல்லூரி வளாகத்தில் பயன்படாமல் கிடந்த பழைய ஒயின் கிடங்கு ஒன்றைக் கேட்டு வாங்கி லேப் ஆக்கினார். மாணவர்களின் கையிலேயே கருவியைக் கொடுத்தார். பிரிட்டனில் மாணவர்களுக்கென்று ஏற்பட்ட முதல் இயற்பியல் லேப் அதுதான் என்று சொல்வார்கள். நாம இன்றைக்கு லேப்பில் ரெக்கார்டு நோட்டோடு நிற்கிறோமே, அதற்கு இவரும் ஒரு காரணம்!

அந்த லேப்பில் மாணவர்கள் செம்புக் கம்பிகளை அளந்தார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த செம்புகள் மின்சாரத்தைக் கடத்துவதில் பெரிய வித்தியாசம் காட்டின. சுத்தம் குறைந்தால் கடத்தும் திறன் குறைகிறது என்று தெரிந்தது. கடலடித் தந்திக் கம்பி செய்கிறவர்கள் செம்பைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை வர இது வழி செய்தது.

கடலடியில் ஓர் அடைப்பு

1850-களில் அட்லாண்டிக் கடலின் அடியில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவே தந்திக் கம்பி போட ஒரு கம்பெனி கிளம்பியது. நீளம் 3000 கிலோமீட்டருக்கு மேல். இதில் ஒரு சிக்கல் வரும் என்று தாம்சன் 1854-லேயே கணக்குப் போட்டுவிட்டார். இரும்புக் கம்பியில் சூடு போவதற்கு ஃபூரியே எழுதிய அதே சமன்பாடு கடலடிக் கம்பியில் மின்சாரம் போவதற்கும் பொருந்தியது. ஒரு முனையில் சுருக்கென்று கொடுத்த சமிக்ஞை மறுமுனையில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கம்பியின் நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்காகும்.

கம்பெனியின் மின்துறை பொறுப்பாளர் ஒயிட்ஹவுஸ் என்பவர் இதை ஏற்கவில்லை. அவர் தொழிலால் மருத்துவர். சமிக்ஞை பலவீனமாக வந்தால் இன்னும் பலமாகத் தள்ளினால் போயிற்று என்பது அவர் கட்சி. தாம்சன் கட்சி வேறு. கம்பியில் மெல்லிய மின்சாரத்தையே அனுப்புவோம், மறுமுனையில் அதை உணரும் கருவியை மிக மிக நுட்பமாகச் செய்வோம் என்றார். அதற்காக 1858-ல் ஆடி கால்வனாமீட்டரைச் செய்தார். பொட்டு மாதிரி ஒரு சிறு கண்ணாடி, அதன் முதுகில் ஒட்டிய துளி காந்தம், நூலில் தொங்கும். மின்சாரம் வந்தால் கண்ணாடி லேசாகத் திரும்பும். விளக்கொளி அதில் பட்டு எதிரே உள்ள அளவுகோலில் இடமும் வலமுமாக ஓடும். ஒளிக்கற்றைக்கு எடை கிடையாது. எவ்வளவு நீளமான முள் வேண்டுமானாலும் ஒளியால் செய்துகொள்ளலாம். என்ன யோசனை பாருங்கள்!

1857-ல் முதல் முயற்சியில் கம்பி நடுக்கடலில் அறுந்தது. 1858 ஆகஸ்டில் கம்பி போய்ச் சேர்ந்தது. விக்டோரியா ராணியின் 98 வார்த்தை வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. பொறுமை இழந்த ஒயிட்ஹவுஸ் சுமார் 2000 வோல்ட் வரை அழுத்தம் கொடுத்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த காப்பு உறை தாங்கவில்லை. சில வாரங்களில் கம்பி செத்துப்போயிற்று.

இந்த இடத்தைப் படித்தபோது நூலகத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. அந்த 2000 வோல்ட்டும் என் சிரிஞ்சும் ஒன்றுதான். அடைப்பு என்றதும் பலத்தைக் காட்டினேன். எதில் அடைப்பு, ஏன் அடைப்பு என்று கேட்கவே இல்லை.

தாம்சன் மனம் தளரவில்லை. 1865-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சசக் கப்பலில் மறுபடி போனார். சுமார் 1200 மைல் போட்ட பிறகு கம்பி அறுந்து கடலுக்குள் போனது. 1866-ல் மறுபடியும் போனார். அந்த ஜூலை 27-ந் தேதி கம்பி கரை சேர்ந்தது. முந்தின ஆண்டு தொலைந்த கம்பியையும் தேடித் தூக்கி இணைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு கம்பி! அதே ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடலடிக் கம்பி நம்ம ஊருக்கும் வந்தது. 1870-ல் பம்பாய் வரையும், 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கும் தந்தி ஓட ஆரம்பித்தது.

தாளைத் தொடாத பேனா

இப்போதுதான் நம்ம விஷயத்துக்கு வருகிறேன். ஆடி கால்வனாமீட்டரில் ஒரு குறை இருந்தது. ஒருவர் இருட்டில் உட்கார்ந்து ஒளிப்புள்ளியையே உற்றுப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். கண் போய்விடும். தப்பு நடந்தால் சாட்சி கிடையாது. கருவி தானே தாளில் எழுத வேண்டும். ஆனால் வருகிற மின்சாரமோ மிகக் கொஞ்சம். பேனா தாளில் உரசினால் அந்த உராய்வே பேனாவை நிறுத்திவிடும்.

1867-ல் தாம்சன் காப்புரிமை பெற்ற சைஃபன் ரெக்கார்டர் இதற்கு விடை. பலமான காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்கும். அதோடு நூலால் இணைத்த நுண்ணிய கண்ணாடிக் குழாய் ஒன்று. குழாயின் ஒரு முனை மைக்கிண்ணத்தில் இருக்கும், மறுமுனை ஓடும் தாள்நாடாவுக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் நிற்கும். குழாய் அவ்வளவு குறுகலாக இருப்பதால் மை தானாகச் சொட்டாது. மைக்கு நிலைமின்சாரம் ஏற்றினால், அது சின்னஞ்சிறு துளிகளாகத் தாளை நோக்கித் தாவும். சுருள் இடதுபக்கம் திரும்பினால் கோடு இடதுபக்கம் வளையும், வலதுபக்கம் திரும்பினால் வலதுபக்கம். பேனா தாளைத் தொடாமலே எழுதியது! இன்றைய இங்க்ஜெட்டுக்கு இதைத்தான் பாட்டனார் என்கிறார்கள்.

அந்த நிலைமின்சாரத்தை உண்டாக்கும் இயந்திரம் ஈரக்காற்றில் சரியாக வேலை செய்யாது. மின்சாரம் காற்றிலேயே கசிந்துவிடும். பிற்காலத்தில் அதை விட்டுவிட்டு, குழாயை லேசாக அதிர வைத்து மையை இறக்கும் முறைக்கு மாறினார்கள். அதிர்வால் மையை வெளியே கொண்டுவருவது என்ற அதே எண்ணம் இன்றைக்கு வேறு உருவில் நம் கடைகளில் இருக்கிறது. சில பிரிண்டர் ஹெட்டுகளில் பீசோ படிகம் மின்சாரம் பட்டதும் வளைந்து மையைப் பிதுக்கும். மற்ற வகையில் நுண்ணிய ஹீட்டர் மையைக் கொதிக்க வைத்து, அந்தக் குமிழி துளியை வெளியே தள்ளும். 1984-ல் இரண்டு வகை பிரிண்டரும் கடைக்கு வந்துவிட்டன. துளி வெளிவரும் துவாரம் தலைமுடியின் கனத்தைவிடச் சிறியது. அவ்வளவு சின்ன வாயில் இருக்கும் மை காற்றில் திறந்து கிடந்தால் காயாமல் என்ன செய்யும்? அதனால்தான் வேலை முடிந்ததும் ஹெட் ஒரு ரப்பர் மூடியில் போய் உட்காருகிறது. புயலன்று எங்கள் ஹெட் அந்த மூடிக்குப் போகவில்லை. அடைப்பின் காரணம் அதுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதமும் ஒரு மேதையின் வாழ்க்கையும் தேவைப்பட்டது.

சறுக்கியதும் உண்டு

பெரியவர்களின் தவறையும் சொன்னால்தான் வரலாறு. 1862-ல் பூமி குளிர்ந்துவந்த கணக்கை வைத்து, அதன் வயது 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்றார். 1897-ல் அதையும் 2 முதல் 4 கோடி என்று சுருக்கினார். நிலவியலாளர்கள் போதாது என்று கத்தினார்கள். அவரிடமே உதவியாளராக இருந்த ஜான் பெரி 1895-ல், பூமியின் உள்பகுதி வெப்பத்தை நன்றாகக் கடத்தினால் கணக்கே மாறும் என்று காட்டினார். தாம்சன் இறங்கி வரவில்லை. உண்மையில் பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். கணக்கு சரி, ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட அனுமானம்தான் தப்பு. கால்குலேட்டரை மட்டும் நம்புகிற நமக்கு இதுவும் ஒரு பாடம்.

சொந்த வாழ்க்கையிலும் மேடு பள்ளம் இருந்தது. பனியில் விளையாடும்போது விழுந்து கால் முறிந்து, கடைசி வரை விந்தி விந்தி நடந்தார். முதல் மனைவி மார்கரெட் நெடுநாள் நோயாளியாக இருந்து 1870-ல் இறந்தார். அதன் பிறகு ஒரு பாய்மரப் படகை வாங்கிக் கடலிலேயே பாதி நாள் கழித்தார். அந்தக் கடல் வாழ்க்கையிலிருந்து கப்பல்களுக்கான திருத்திய திசைகாட்டியும், பியானோ கம்பியால் ஆழம் பார்க்கும் கருவியும் பிறந்தன. 1874-ல் ஃபிரான்சஸ் என்பவரை மணந்தார். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட கட்டுரைகள், சுமார் 70 காப்புரிமைகள்.

1892-ல் பிரபு பட்டம் கிடைத்தபோது தன் பல்கலைக்கழகத்தின் ஓரமாக ஓடும் சிறு ஆற்றின் பேரை வைத்துக்கொண்டார். அந்த ஆறுதான் கெல்வின். ஆக, நாம் போடுகிற K என்ற எழுத்து ஓர் ஆற்றின் பேர். அங்கே ஓர் ஆறு ஒரு மேதைக்குப் பேர் கொடுத்தது. இங்கே ஓர் ஆறு என் பிரிண்டரைக் கெடுத்து எனக்கு அந்த மேதையைக் காட்டிக்கொடுத்தது.

1899-ல் ஓய்வு பெற்றதும் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பேரைப் பதிந்துகொண்டார். வயது 75! 1907 டிசம்பர் 17-ந் தேதி காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனின் சமாதிக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இரண்டாவது ஹெட்

போன மே மாதம் கடைக்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் போய், கடை பத்து நாள் பூட்டிக் கிடந்தது. அக்னி நட்சத்திர வெயில். திறந்ததும் பழைய கதை. கறுப்பில் பாதிக் கோடு இல்லை. இந்த முறை நான் சிரிஞ்சைத் தொடவில்லை.

முதலில் நாசில் செக் தாள் எடுத்து எந்தக் கோடு இல்லை என்று பென்சிலால் குறித்தேன். ஹெட் கிளீனிங் இரண்டு முறை மட்டும். அதற்கு மேல் போட்டால் மை வீணாகி அடியில் உள்ள வேஸ்ட் பேடுதான் நிறையும். டியூபைப் பார்த்தேன், காற்றுக் குமிழி இல்லை. அப்போ அடைப்பு ஹெட்டின் வாயில்தான். பஞ்சு பிரியாத துணியை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து ரப்பர் மூடியையும் வைப்பரையும் துடைத்தேன். நம்ம பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், அது ஆகாது. மடித்த ஈரத் துணியை ஹெட்டுக்கு அடியில் வைத்து, ஹெட்டை அதன்மேல் நகர்த்தி, ராத்திரி முழுவதும் விட்டேன். ஊற ஊறக் காய்ந்த மை தானே கரையும். காலையில் துணியில் கறுப்பாக இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் ஒரே ஒரு கோடு தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்த ஒரு கோடு எழுத்தில் தெரியவே இல்லை.

இப்போது எங்கள் கடையில் யாரும் சுவர் சுவிட்சில் பிரிண்டரை அணைப்பதில்லை. பிரிண்டரின் பட்டனை அமுக்கி, ஹெட் மூடியில் போய் உட்கார்ந்த பிறகுதான் சுவிட்ச். வாரம் ஒரு கலர் பக்கம் கட்டாயம் எடுக்கிறோம். கரண்ட் போனால் திரும்பி வந்ததும் ஒரு முறை ஆன் செய்து முறையாக அணைக்கிறோம்.

நண்பர்களே! டிப்ளமோ என்றால் கை வேலை, டிகிரி என்றால் மூளை வேலை என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சமன்பாடு எழுதிய அதே கையால் கண்ணாடிக் குழாயைப் பிடித்தவர் கெல்வின். நம் கையில் படும் மையைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பொருள் அடைத்துக்கொண்டால் அதை அடித்துத் திறக்காமல், என்ன நடந்தது என்று அதனிடமே பொறுமையாகக் கேட்போம். வாழ்க்கை அடைத்துக்கொண்டாலும் அப்படியே செய்வோம்.

அம்மாவின் தோடு இந்தப் பொங்கலுக்கு மீட்டாகிவிட்டது என்பதையும் இங்கே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு